என்ஜினுக்கு வேர்க்குது

மாமனார்: கசிவுங்கிற வார்த்தையே வேண்டாம் மாப்பிள்ளை. அது வேர்க்குது. அவ்வளவுதான்.

மருமகன்: வேர்க்குதா மாமா?

மாமனார்: வெயில்ல நடந்தா உங்களுக்கு வேர்க்காதா? உள்ளுக்குள்ள அத்தனை சூட்டுல ஓடுற என்ஜின். ஒரு சொட்டு ரெண்டு சொட்டு ஆயில் வெளிய வரத்தான் செய்யும். சுத்தமா வேர்க்காத என்ஜினைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

மருமகன்: அது சரி... ஆனா தரையில சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பரவியிருக்கே மாமா.

மாமனார்: கொஞ்சம் தாராளமா வேர்த்திருக்கு.

மகள்: யாருக்கு வேர்க்குது?

மருமகன்: நீ எப்ப வந்தே... ஒண்ணுமில்லை. வண்டிக்கு.

மகள்: நாலு நாளா இந்த ஷெட்டு நிழலை விட்டு நகராத வண்டிக்கா?

மாமனார்: நீ உள்ள போம்மா. இது ஆம்பளைங்க சமாசாரம்னு சொல்ல வரலை... ஆனா நாங்க பார்த்துக்கறோம்.

மகள்: பாருங்க. பானெட்டைத் தூக்கி வச்சுக்கிட்டு ஒரு மணி நேரமா ரெண்டு பேரும் அதைத்தானே பண்ணுறீங்க. நான் ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். நாளைக்கு விடியறப்ப நான் இதை எடுத்துக்கிட்டு மலை மேல அணைக்குப் போகணும். ஆபீஸ் ஜீப்பை மேலதிகாரி எடுத்துட்டுப் போயிட்டார்.

மருமகன்: நாளைக்கா?

மாமனார்: மலை மேலயா?

மகள்: ஏன் ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல முகம் வெளுக்குது?

மருமகன்: யாருக்கு... வெளிச்சம் அப்படி விழுது.

மகள்: அடுப்புல பால் இருக்கு. வந்து பேசிக்கிறேன்.

மாமனார்: ...போயிட்டாளா?

மருமகன்: போயிட்டா மாமா.

மாமனார்: சரி, வேலையைப் பார்ப்போம். என் கையில இருந்த வரைக்கும் இந்த வண்டி ஒரு சொட்டு கீழ விட்டது கிடையாது. டிரைவிங் ஸ்கூல் நடத்தி இந்த ஊர்ல பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கத்துக் கொடுத்தேன், ஒருத்தனைக்கூட இதுல உக்கார விட்டதில்லை. ஏதோ கண் டாக்டர் பயமுறுத்தினார், இனிமே ஓட்டக் கூடாதுன்னார்... சரி, வீட்டு மாப்பிள்ளைதானேன்னு சாவியைக் கொடுத்தேன்.

மருமகன்: நல்லாத்தான் வச்சிருக்கேன் மாமா.

மாமனார்: நான் குறை சொல்லலை. நீங்க கத்துக்கிட்ட இடம் அப்படி.

மருமகன்: கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சும் அதை விட மாட்டீங்களா?

மாமனார்: எதிர்த்த தெருவுல நான் இருந்தேன். நீங்க என் ஸ்கூல் வாசலைத் தாண்டிப் போய் இன்னொரு ஸ்கூல்காரன்கிட்ட கத்துக்கிட்டீங்க. அவனுக்கே ரிவர்ஸ் எடுக்க வராது. சரி, விடுங்க. என்ன வச்சிருக்கீங்க கையில?

மருமகன்: கண்ணாடி மாமா. கிளினிக்ல இருந்து கொண்டு வந்தேன். பல்லுக்குப் பின்னாடி பார்க்கிறது. என்ஜினுக்குப் பின்பக்கம் விட்டுப் பார்த்தா தெரியும்.

மாமனார்: இது எத்தனை பேர் வாய்க்குள்ள போனது?

மருமகன்: கழுவித்தான் கொண்டு வந்தேன்.

மாமனார்: என்ஜினுக்கு ஏதாவது வியாதி ஒட்டிக்கப் போகுதுன்னு கேட்டேன். என்ன தெரியுது?

மருமகன்: இருங்க... ம்... என் மூக்கு தெரியுது.

மாமனார்: மூக்கு ஒழுகுதா?

மருமகன்: மாமா, கொஞ்சம் பொறுங்க. வால்வு கவரைச் சுத்திக் காஞ்சிருக்கு. ஆயில் ஊத்தற மூடியும் காஞ்சிருக்கு. ஃபில்டர் பக்கம்... அங்கயும் தூசிதான்.

மாமனார்: வால்வு கவருக்கு அடியில ஒழுகாம அடைக்கிற கேஸ்கட்தான். நான் அப்பவே சொன்னேன்.

மருமகன்: ஆனா அது காஞ்சு கிடக்கே.

மாமனார்: உள்ளுக்குள்ள போயிருக்கும். வெளிய காட்டாது. உங்க வேலையிலயும் அப்படித்தானே? வெளியில பல்லு பளபளன்னு இருக்கும், உள்ள சொத்தை.

மருமகன்: அது வாஸ்தவம். அப்ப கேஸ்கட்னே வச்சுக்கலாமா?

மாமனார்: வச்சுக்கலாம்.

மருமகன்: கீழ குனிஞ்சு பார்க்க வேண்டாமே?

மாமனார்: கீழ என்ன இருக்கு பார்க்க? வேண்டவே வேண்டாம்.

மருமகன்: அதேதான் நானும் நினைச்சேன். கீழ ஒண்ணும் இருக்காது.

மாமனார்: கீழ பார்க்கிறவன் மெக்கானிக்கே இல்லை.

மருமகன்: என்ன மாமா, இன்னைக்கு நான் சொல்ற எல்லாத்துக்கும் சரிங்கிறீங்க? எனக்குப் பயமா இருக்கு.

மாமனார்: எனக்கும் அதே யோசனைதான் மாப்பிள்ளை.

மகள்: என்ன யோசனை?

மருமகன்: பால் பொங்கிடுச்சா?

மகள்: இறக்கி வச்சுட்டேன். கண்டுபிடிச்சாச்சா?

மாமனார்: ஆச்சு. கேஸ்கட். சின்ன விஷயம்.

மகள்: ஆயில் எங்க கிடக்குது?

மாமனார்: தரையில.

மகள்: நீங்க எங்க பார்க்கிறீங்க?

மாமனார்: மேல. மேல இருந்துதானேம்மா கீழ வரும்?

மகள்: அதை நான் ஒத்துக்கறேன். மேல எங்கயாவது நனைஞ்சிருக்கா?

மாமனார்: ...மாப்பிள்ளை, சொல்லுங்க.

மருமகன்: நனைஞ்சு... இல்லை. காஞ்சுதான் இருக்கு.

மகள்: டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தீங்களா? ஆயில் எவ்வளவு நிக்குது?

மருமகன்: கீழ்க் கோட்டுக்குக் கொஞ்சம்... கீழ.

மகள்: அப்ப வேர்வை இல்லை. ரத்தம்.

மாமனார்: உனக்குக் குழாய் தெரியும்மா. அதை நான் மறுக்கலை. கார் வேற.

மகள்: ஆமாம்ப்பா, எனக்குக் குழாய்தான் தெரியும். குடிநீர் வாரியத்துல எனக்குக் கொடுத்திருக்கிற வேலையே இந்த ஊர்ல எங்க தண்ணி ஒழுகுதுன்னு கண்டுபிடிக்கிறதுதான். அந்த வேலைக்குப் போயிட்டு வர்றவ வீட்டுக்குள்ள இருக்கா. நீங்க ரெண்டு பேரும் பல் பார்க்கிற கண்ணாடியை வச்சுத் தேடுறீங்க. ஒரு வார்த்தை என்னைக் கேக்கணும்னு தோணலை.

மருமகன்: உனக்கு ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் லீவுன்னு...

மகள்: ரொம்பக் கருணை. போன மாசம் ஒரு தெருவுல என்ன நடந்துச்சு தெரியுமா? ஒரு வீட்டு வாசல்ல மட்டும் தண்ணி பொங்கி பொங்கி வருது. அங்க தோண்டினாங்க, ஒண்ணுமில்லை. பக்கத்துல தோண்டினாங்க, அங்கயும் இல்லை. மேட்டுல ஒரு பெரிய மனுஷர் வீடு. அவர்தான் தினம் வந்து சத்தம் போடுறார், உங்களுக்கெல்லாம் வேலை தெரியலை, தெருவை நாசம் பண்ணுறீங்கன்னு. அவர் வீட்டுப் பக்கம் மட்டும் போக விட மாட்டேங்கிறார். அங்கெல்லாம் ஒண்ணும் இருக்காது, கீழ பாருங்கங்கிறார். எனக்கு அப்பவே பொறி தட்டிச்சு. கடைசியில அவர் மதில் ஓரமாத் தோண்டினோம். வாரியத்துக்குத் தெரியாம அவரே ஒரு குழாய் இழுத்து வச்சிருந்தார். அது விட்டுப் போயிருக்கு.

மாமனார்: ...நல்ல கதை.

மருமகன்: ரொம்ப நல்ல கதை.

மகள்: ஒரு அட்டையும் டார்ச்சும் எடுங்க. நான் கீழ படுத்துப் பார்க்கிறேன்.

மாமனார்: வேண்டாம்மா, துணி பாழாயிடும்.

மருமகன்: உனக்கு முதுகு வலி வேற இருக்கு.

மகள்: எனக்கா? எப்ப இருந்து?

மருமகன்: வந்துடும்னு சொல்றேன்.

மகள்: சரி. அப்ப நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து சொல்றீங்க. ஒண்ணும் பெரிசா இல்லை, வெறும் கேஸ்கட், கீழ பார்க்க வேண்டிய அவசியமே இல்லைன்னு.

மாமனார்: அப்படித்தான்.

மகள்: வண்டி நல்லா இருக்கு?

மருமகன்: கிட்டத்தட்ட...

மகள்: நல்லது. அப்ப எதுக்கு நாளைக்கு அரக்கப் பரக்க கிளம்பணும்? குறையற ஆயிலை ஊத்திக்கிறேன். இப்பவே கிளம்பி மலை மேல கெஸ்ட் ஹவுஸ்ல ராத்திரி தங்கிக்கிறேன். சாவியைக் கொடுங்க.

மாமனார்: இப்பவேவா...

மகள்: ஏன்ப்பா?

மாமனார்: மலை ஏறுறப்ப... வளைவு அதிகம்.

மகள்: நல்ல வண்டிதானே?

மாமனார்: நல்ல வண்டிதான். ஆனா மேட்டுல என்ஜின் சூடு ஏறும். ஆயில் மொத்தமும் போச்சுன்னா நடு வளைவுல இறுகிப் பிடிச்சு நின்னுடும். அப்புறம் பின்னாடி லாரி வந்தா...

மகள்: வேர்வைக்கா இவ்வளவு நடக்கும்? சாவியைக் கொடுங்க.

மருமகன்: கொடுக்க மாட்டேன்.

மகள்: என்னது?

மருமகன்: கொடுக்க மாட்டேன். நீ போக வேண்டாம். நான்தான்... நான்தான் பண்ணிட்டேன்.

மாமனார்: என்ன மாப்பிள்ளை பண்ணுனீங்க?

மருமகன்: செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு வண்டியில போனேன் மாமா. மழைன்னு. சாயங்காலம் வெளிய எட்டிப் பார்த்தா ஒருத்தர் வாசல் பெஞ்சுல உக்காந்திருக்கார். நான் பல் செட் செஞ்சு கொடுத்தேனே, அவர். பேசறப்பல்லாம் கழண்டு கையில வருதாம். தினமும் வந்து உக்காந்துடறார். அந்த மனுஷர் முகத்துல முழிக்க முடியாம பின் சந்து வழியா வண்டியை எடுத்தேன். சந்துல யாரோ வீடு இடிச்ச கல்லும் மண்ணும் குவிச்சு வச்சிருக்காங்க. ஏத்தி இறக்கிடலாம்னு பார்த்தேன். அடியில டொக்குன்னு ஒரு சத்தம்.

மகள்: இறங்கிப் பார்த்தீங்களா?

மருமகன்: இல்லை.

மகள்: பின்ன?

மருமகன்: ரேடியோவைச் சத்தமா வச்சேன்.

மாமனார்: ...ரேடியோவையா?

மருமகன்: வேற ஏதாவது சத்தம் வந்தா கேக்க வேண்டாமேன்னு. அடியில இருக்கிற ஆயில் தட்டு உடைஞ்சிருக்கும் மாமா. அதான் கீழ பார்க்க வேண்டாம்னேன். உங்க வண்டி. எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. மன்னிச்சிடுங்க.

மாமனார்: உக்காருங்க மாப்பிள்ளை.

மருமகன்: பரவாயில்லை, நிக்கிறேன்.

மாமனார்: உக்காருங்க. நான் கோபப்படலை. நான் வருத்தப்படறேன். என் ஸ்கூல்ல முதல் நாள் முதல் பாடம் என்ன தெரியுமா? சாவி போடறது இல்லை. கியர் இல்லை. சத்தம் கேட்டா இறங்கிப் பாருங்கிறதுதான். பதினெட்டு வயசுப் பையன்கூட இறங்கிப் பார்ப்பான். ஒரு டாக்டர், படிச்சவர், ரேடியோவைத் திருகியிருக்கார். இடிக்கிறது தப்பு இல்லை மாப்பிள்ளை. யார்தான் இடிக்கலை? ஆனா இடிச்சுட்டு வந்து வீட்டுல எதுவுமே நடக்காத மாதிரி சாப்பிட்டு, தூங்கி, டிவி பார்த்து... அதுக்கு ஒரு தனி மனசு வேணும்.

மருமகன்: தப்புதான் மாமா.

மாமனார்: கூடவே இருக்கிறவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கலை. சரி. நீங்க கத்துக்கிட்ட இடம் அப்படி. நான் மறந்துட்டேன். இனிமே இந்த வீட்டுல இதைப் பத்திப் பேச்சே வேண்டாம். மெக்கானிக்குக்குப் போன் பண்ணி வண்டியை ஏத்திட்டுப் போகச் சொல்லுங்க. யாரும் கீழ படுக்க வேண்டியதில்லை.

மகள்: நான் ஏற்கெனவே படுத்தாச்சு.

மாமனார்: ஏம்மா... எழுந்திரு. தெரிஞ்சுதான் போச்சே.

மகள்: சாவியை எடுத்துட்டு ஹேண்ட் பிரேக் போட்டுத்தானே இருக்கு? வண்டியை யாரும் தொடாதீங்க. டார்ச்சை இங்க காட்டுங்க. இல்லை, இந்தப் பக்கம். ம்... முன்னாடி இடது பக்கம் ஒரு கீறல் இருக்கு. செம்மண் ஒட்டியிருக்கு. அந்தக் கல்லுதானே உங்க டொக்கு?

மருமகன்: அதாத்தான் இருக்கும்.

மகள்: இது ஆயில் தட்டே இல்லைங்க. அதுக்கு முன்னாடி மண்ணு கல்லு தெறிக்காம இருக்க ஒரு தகடு வச்சிருக்காங்க, அது. லேசா வளைஞ்சிருக்கு. எலும்பு மாதிரி காஞ்சு கிடக்கு. ஒரு பொட்டு ஆயில் இல்லை.

மருமகன்: அப்ப... நான் இல்லையா?

மகள்: நீங்க இல்லை.

மருமகன்: மாமா, நான் இல்லையாம். மன்னிப்பெல்லாம் கேட்டுட்டேனே.

மாமனார்: நல்லதாப் போச்சு. எழுந்திரும்மா, அப்ப கேஸ்கட்தான்.

மகள்: இருங்கப்பா. ஒரு பழைய துணி கொடுங்க. தொடைச்சுட்டுப் பார்க்கலாம், எது முதல்ல நனையுதுன்னு... ஆ, காத்திருக்கவே வேண்டாம். பின்னாடி, வலது பக்கம். ஆயில் தட்டோட மூலை உள்ள போயிருக்கு, யாரோ முட்டியால இடிச்ச மாதிரி. ஒரு மயிரிழை விரிசல். அதுல இருந்துதான் வருது. தொடைச்ச உடனே திரும்பவும் ஒரு மணி திரண்டு நிக்குது.

மருமகன்: வலது பக்கம் நான் எங்கயும் இடிக்கலையே. வீட்டுல விட்டப்புறம் நான் எடுக்கவே இல்லை.

மகள்: நானும் எடுக்கலை.

மாமனார்: ரோட்டுல ஏதாவது கல்லு தெறிச்சிருக்கும்.

மகள்: தெறிச்ச கல்லு பெயிண்ட் அடிச்சுக்கிட்டு வருமாப்பா? அடி வாங்கின இடத்துல வெள்ளை பெயிண்ட் ஒட்டியிருக்கு. அப்படியே தீத்தி வச்ச மாதிரி.

மாமனார்: ...யாராவது திருடன் எடுத்துட்டுப் போயிருக்கலாம்.

மருமகன்: திருடனா?

மாமனார்: பகல்ல வீட்டுல யாரும் இல்லாதப்ப. நீங்க கிளினிக்ல, இவ ஆபீஸ்ல.

மகள்: நீங்க மாடியில இருப்பீங்களே.

மாமனார்: நான் அசந்து தூங்கியிருப்பேன்.

மகள்: திருடன் வந்து, வண்டியை எடுத்துட்டுப் போய், ஒரு கல்லுல இடிச்சு, அப்புறம் மனசு மாறித் திரும்பக் கொண்டு வந்து, இதே ஷெட்டுக்குள்ள இம்மி பிசகாம நிறுத்திட்டுப் போயிருக்கானா?

மாமனார்: ...நல்ல டிரைவர் போலிருக்கு.

மருமகன்: மாமா...

மாமனார்: என்னைப் பார்க்காதீங்க மாப்பிள்ளை.

மகள்: கை கொடுங்க, எழுந்திருக்கிறேன். ...அப்பா.

மாமனார்: ம்.

மகள்: நேத்து மாடிப்படியில எதிர்ல வந்த என்னை யாருன்னு கேட்டீங்க.

மாமனார்: லைட்டு எரியலை.

மகள்: எரிஞ்சுது. முந்தா நாள் பக்கத்து வீட்டுக்காரர் கும்பிட்டார், நீங்க பாட்டுக்குப் போனீங்க. அவர் நீங்க கோபமா இருக்கீங்கன்னு நினைச்சு என்கிட்ட வந்து காரணம் கேட்டார். நான் உங்களைத் திட்டலைப்பா. எனக்குத் திட்ட வரலை. நீங்க இடிச்சது கல்லு. அந்த இடத்துல ஒரு குழந்தை நின்னிருந்தா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கூட்டிட்டுப் போயிருப்பேனே. எங்க போகணும் உங்களுக்கு?

மாமனார்: அதெல்லாம் ஒண்ணுமில்லை. வியாழக்கிழமை மத்தியானம். ரோட்டுல ஆள் இல்லாத நேரமாப் பார்த்துத்தான் எடுத்தேன்.

மருமகன்: திரும்பி வர்றப்ப எப்படி மாமா வந்தீங்க?

மாமனார்: ஊர்ந்து. ரோட்டு ஓரமா, ஒரே கியர்ல. பின்னாடி வந்தவனெல்லாம் ஹாரன் அடிச்சான். ஒருத்தன் தலையை வெளிய நீட்டி, எவன்யா உனக்கு லைசென்ஸ் கொடுத்தான்னு கத்தினான். அந்தக் குரல் எனக்குத் தெரியும். என்கிட்ட கத்துக்கிட்டவன்.

மருமகன்: ...உக்காருங்க மாமா.

மாமனார்: பரவாயில்லை, நிக்கிறேன்.

மகள்: உக்காருங்கப்பா. வண்டி போனா போகட்டும், ஆயில் தட்டை மாத்திக்கலாம். நான் ஆபீஸ்ல சொல்லி வேற வண்டி கேட்டுக்கறேன். அது பிரச்சினை இல்லை. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த வெள்ளைக் கல்லு எங்க இருக்கு?

மாமனார்: விடேன்ம்மா.

மகள்: எங்கப்பா?

மாமனார்: ஆஸ்பத்திரி வாசல்ல.

மருமகன்: ஆஸ்பத்திரியா? என்ன மாமா, உடம்புக்கு என்ன?

மாமனார்: உடம்புக்கு ஒண்ணுமில்லை. கண் ஆஸ்பத்திரி. ஒரு தடவை சொன்னதையே பிடிச்சுக்கிட்டு இருக்கணுமா, இப்ப நல்லாத்தானே தெரியுது, ஓட்டலாம்னு அந்த டாக்டர் வாயால ஒரு வார்த்தை வாங்கிட்டு வந்துடலாம்னுதான் போனேன். வண்டியை நானே ஓட்டிட்டு வந்திருக்கேன் பாருங்க டாக்டர்னு சொல்லலாம்னு.

மகள்: டாக்டர் என்ன சொன்னார்?

மாமனார்: உள்ள எங்கம்மா போனேன்... வாசல்லயே தெரிஞ்சு போச்சே.